பிறர்க்காக அழுத்தாத விரல்

ஒரு கணினியைத் திருத்தத் தொடங்குமுன் அவர் செய்யும் முதற்காரியம், அதன் உடையவருக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போடுவது. ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில், காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் மூடிக் கிடந்த அலுவலகத்து முன்னறையே அந்த அம்மையாருடைய வேலைத்தலம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, “பின்னேரம் வந்து எடுக்கிறன்” என்று திரும்புகிறவர்களை அவர் வாசலிலேயே மறிப்பார்.

“வைச்சிட்டுப் போகலாம், தூசி தட்டி வைப்பன். சிஸ்ரம் புதுசாப் போடுறதெண்டால் நீங்கள் பக்கத்திலை இருக்க வேணும்.”

கணினிக்கு இயக்குதளம் நிறுவும்போது நடுவிலே ஓர் உடன்படிக்கை திரையில் விரியும். உலகத்தார் அதிலே ஒரு சொல்லையும் படியாமல் ‘ஏற்கிறேன்’ என்ற இடத்தை அழுத்தி அப்பாற் போவார்கள். அவர் அவ்விடத்திலேதான் நிதானமாக அமர்வார். ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வாசிப்பார். பின்னர் அதன் பொருளைத் தமிழிலே சொல்வார். கேட்பவருடைய முகத்தைப் பார்ப்பார். அடுத்த வாக்கியத்துக்குப் போவார். எங்கள் கோயிலிலே புராணம் படிக்குங்காலத்து ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வது வழக்கம். பயன் சொல்லும் பணி நெடுங்காலம் எனக்கு வாய்த்திருந்தது. படிப்பவரும் பயன் சொல்பவரும் ஒருவராகவே இருக்க நான் கண்டது அவரிடத்திலேதான். வாசித்து முடித்ததும் கையை எடுத்துவிடுவார். மவுசை உடையவர் பக்கம் மெல்லத் தள்ளி, “இனி உங்கடை அலுவல்” என்பார். பிறருக்காக அந்த இடத்தை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. கோயிலிலே கடல் கடந்த பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நாம் நின்று அருச்சனை செய்விக்கலாம். அவருடைய மேசையிலே அது நடவாது.

ஊரார் அவருக்குக் ‘கொம்பியூட்டர் நொத்தாரிசு’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். நாலு கடை தள்ளி இருந்தவர் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள், எங்கிருந்தோ களவாகப் பிரதி எடுத்த இறுவட்டொன்றைப் போட்டு வேலையை முடித்துக் கொடுப்பார். ஆகவே கூட்டம் அங்கேதான். ஒருமுறை நான் அதைச் சுட்டி, “உம்மை நொத்தாரிசு எண்டு பகிடி பண்ணுகினமே, தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தெரியும், ஐயா. நொத்தாரிசெண்டால் முத்திரை இருக்கும். என்னட்டைக் கதிரைதான் இருக்கு.”

நெடுந்தீவிலிருந்து ஒரு பெரியவர், மகன் விட்டுச் சென்ற மடிக்கணினியைத் துவாயிலே சுற்றி எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்திருந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். உடன்படிக்கையின் பாதியிலேயே பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறிகட்டுவானிலிருந்து புறப்படும் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டிய கவலை அவருக்கு.

“பிள்ளை, படகு போயிடும். உதை நீரே அமத்திவிடும். எனக்குச் சம்மதம்தான்.”

“எதுக்குச் சம்மதம் எண்டதைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, அப்பு.”

“கேட்டால் மட்டும் எனக்கு விளங்கப் போகுதே?”

“விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. திரும்பச் சொல்லுவன்.”

படகு போய்விட்டது. அன்றிரவு அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்து, தமையனாரின் அறையிலே படுக்கவைத்து, விடிந்ததும் ஸ்கூட்டரிலே ஏற்றிக்கொண்டு துறைக்குப் போய் விட்டுவிட்டு வந்தார். இது மிகை என்று நான் மனத்துள் எண்ணினேன். பின்னொரு நாள் நயினாதீவுத் திருவிழாவிலே அந்தப் பெரியவரைக் கண்டபோது, படகு தவறிய கதையை நானே எடுத்தேன். அவர் சிரித்தார். “அவ வாசிச்சதிலை அரைவாசியும் எனக்கு விளங்கேல்லை. ஆனா என்ரை சீவியத்திலை ஒருத்தரும் எனக்கு இவ்வளவு நேரம் இருந்து ஒண்டை வாசிச்சுக் காட்டினதில்லை, தம்பி” என்றார்.

இளவயது முதல் அதே நொத்தாரிசு அலுவலகத்திலே காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்தவர் அவர். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தபோது அதனோடு தாமும் மாறினார். அது பழுதானபோது திருத்த ஆளில்லாமல் தாமே திருத்தப் பழகினார். நொத்தாரிசு மறைந்தபின் அறை அவரிடம் எஞ்சியது. தம் பிடிவாதத்துக்கான காரணத்தை ஒரேயொரு தடவைதான் என்னிடம் சொன்னார்.

“உறுதி வாசிக்கேக்கை எத்தினை பேர் வெளியிலை வெத்திலை போட்டுக்கொண்டு நிண்டவை தெரியுமே, ஐயா? பேந்து காணி கைமாறினாப் பிறகு வந்து அழுகிறது. கையெழுத்து உங்கடை எண்டால், கேக்கிற காதும் உங்கடையா இருக்க வேணும்.”

என் மகன் ஜேர்மனியிலிருந்து புதிய கணினி ஒன்றை அனுப்பியிருந்தான். அதிலே இயக்குதளம் இருக்கவில்லை. பழைய பெட்டியிலிருந்ததை எடுத்துப் புதியதிலே போட்டுத் தரும்படி அவரிடம் கேட்டேன். பழையதைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம், இதிலென்ன தடை என்பது என் வாதம்.

“ஐயா, உங்கடை தெற்கு வளவுக் காணிக்குக் கிணத்திலை பங்கு இருக்கோ?”

“ஓம். எட்டிலை ஒரு பங்கு. உறுதியிலையே இருக்கு.”

“நீங்கள் அந்தக் காணியை வித்துப்போட்டுப் புளியங்கூடலிலை ஒரு காணி வாங்கினால், அந்தக் கிணத்துப் பங்கைக் கொண்டு போவியளோ?”

“அதெப்படி? பங்கு காணிக்கெல்லோ.”

“உதுவும் அப்பிடித்தான். பெட்டியோடை சேர்ந்து வந்த உரிமை அந்தப் பெட்டிக்கு. உங்களுக்கில்லை. தனியா வாங்கினதெண்டால் பழையதிலை அழிச்சுப்போட்டுப் புதுசுக்குக் கொண்டு போகலாம். இது காணியோடை கிடக்கிற பங்கு.”

சைவ நூல்களிலே ‘உடைமை’ என்பதற்கும் ‘உரிமை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பல இரவுகள் பயன் சொன்னவன் நான். இந்த உடம்பே நமக்கு உடைமையன்று, சிலகாலம் இருக்கத் தந்த உரிமையே என்று கோயிலிலே உருகிச் சொன்னவன். என் மேசைமீதுள்ள பெட்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மகனிடம் சொல்லித் தனி உரிமை ஒன்றை வாங்குவித்தேன்.

இனி என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாரந்தனையிலே எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவளுடையது. கணவன் இல்லை, மகன் கனடாவில், மகளோடு இருந்தாள். அந்த மகள், என் மருமகள், பண்ணோடு பாடுவதிலே தேர்ந்தவள். பாடும்போது அவள் குரலுக்குத் தடையென்பதே கிடையாது. பேசும்போதோ சொல் தொண்டையிலே நின்றுவிடும். முதலெழுத்தைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் போராடுவாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியே பதிகம் பாடப் பயிற்றுவதே அவள் சீவனோபாயம். வகுப்பு நேரத்தில் தாய் பக்கத்திலே அமர்ந்திருப்பாள். மகள் பாடுவாள், மற்றப் பேச்செல்லாம் தாயுடையது. கடையிலே, வங்கியிலே, வைத்தியரிடத்திலேயும் அப்படித்தான். மகளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குத் தாய் விடை சொல்வது அந்த வீட்டின் இயல்பாகிப் போயிருந்தது.

கனடாவிலுள்ள ஒரு சைவச் சங்கத்தார், விசயதசமியன்று புதிய பிள்ளைகள் பலரை அவளிடம் தொடக்கிவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வகுப்புகள் ஒழுங்காக நடந்தால் அப்பணி அவளுக்கே நிலையாகும். இல்லையேல் தமிழ்நாட்டிலே ஒருவரைப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். தனக்குப்பின் மகள் எப்படி வாழ்வாள் என்று கலங்கியிருந்த தங்கைக்கு அது பெரிய பற்றுக்கோடு.

சரசுவதி பூசையன்று கணினியையும் ஏடுகளோடு வைத்துப் பூசிப்பது அவர்கள் வழக்கம். அன்று கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்திலே திரையில் எழுதியிருந்தது. சுபநேரம் கழிகிறதே என்ற பதற்றத்தில் தங்கை மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக் கும்பத்தின் அருகே வைத்து, சந்தனமும் குங்குமமும் சாத்திவிட்டாள். மறுநாட் காலை, விசயதசமி, கணினியின் திரை கறுத்துக் கிடந்தது. வகுப்பு மாலையில்.

நான் தொலைபேசியில் அழைக்க அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சிஸ்ரம் புதிதாகத்தான் போடவேண்டும் என்றார். பின் மருமகளைப் பார்த்து, “இதுக்குள்ளை உமக்கு என்னென்ன வேணும்?” என்று கேட்டார்.

“அவளின்ரை பாட்டுப் பதிவுகள்தான் பிள்ளை, வேறை என்ன,” என்றாள் தங்கை.

“அக்கா, நான் பிள்ளையைக் கேட்டனான்.”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருக்கும் முறையிலே அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்போல இயல்பாக நின்றார்.

“ப... பதிவுகள். பி... பிள்ளையளின்ரை படங்களும்,” என்றாள் மருமகள். படங்கள் இருப்பதே தாய்க்குத் தெரியாது. எல்லாவற்றையும் வேறொரு நினைவுப் பெட்டகத்திலே எடுத்து வைத்தபின், இயக்குதளத்துக்குரிய உரிமை இலக்கத்தைத் தேடினார். கணினியின் விலாவிலே மினுங்கும் சிறு ஒட்டுத்தாளொன்று உண்டு; இலக்கம் அதிலே அச்சாகியிருக்கும். அது மஞ்சளும் சிவப்புமாக மங்கிக் கிடந்தது.

“இதுக்கு என்னக்கா செய்தனீங்கள்?”

“பொட்டு வைச்சனான்.”

“ஒவ்வொரு வருசமுமோ?”

“ஓம். அதுக்கெண்டு கொம்பனிக்காரர் விட்ட இடமெண்டெல்லோ நினைச்சன். பேந்து கறை பிடிக்காமல் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சும் விடுறனான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றுதான். தங்கை சிரிக்கவில்லை. கனடாவிலுள்ள மகனுக்கு உடனே செய்தி போயிற்று. அவன் தன் அலுவலகத்து இலக்கம் ஒன்றை அனுப்பிவைத்தான். தங்கை தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தா, இதைப் போடும். எத்தினை பெட்டிக்கும் போடலாமாம்.”

“அவையின்ரை கந்தோர்ப் பெட்டியளுக்குப் போடலாம், அக்கா. இது அந்தக் கந்தோர்ப் பெட்டியில்லையே. ஒரு நாளைக்கு அவை நிப்பாட்டினால் வகுப்பு நடுவிலை நிக்கும்.”

“என்ரை பிள்ளையின்ரை பிழைப்புப் போகப்போகுது. நீர் இதிலை இருந்து வேதம் ஓதுறீர்.”

அவர் மவுசை மருமகள் பக்கம் தள்ளினார். “உமக்கு விருப்பமெண்டால் அந்த இலக்கத்தை நீர் போடலாம். நான் தடுக்கேல்லை. போடுறது நீரா இருக்க வேணும், அவ்வளவுதான்.”

மருமகள் தொலைபேசியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். “வே... வேறை வழி இருக்கோ, அன்ரி?”

“இருக்கு. இப்ப இலக்கம் இல்லாமலே போடலாம். முப்பது நாளுக்குப் பாவிக்க விட்டிருக்கினம். அதுக்கிடையிலை உங்கடை சொந்த இலக்கத்தைத் தேடி எடுப்பம்.”

“அது களவில்லையோ?” என்று நான் கேட்டேன்.

“எழுதித் தந்திருக்கினம், ஐயா. எல்லை எங்கை எண்டு வாசிச்ச ஆளுக்குத்தான் எவ்வளவு தூரம் உள்ளுக்கு நடக்கலாம் எண்டும் தெரியும்.”

அவரை மறுப்பே உருவானவர் என்று எண்ணியிருந்தோர் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நாலு கடை தள்ளியிருந்தவருக்குத் தெரியாத ஒரு திறந்த கதவு, உடன்படிக்கையை வரி விடாமல் வாசித்த அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றும் வரி விடவில்லை. வெயில் சாயச் சாயத் தங்கை குசினிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்க, அவர் வாசித்துப் பயன் சொன்னார். மருமகள் கேட்டு முடித்து, அழுத்தினாள். வகுப்பு நேரத்துக்கு நடந்தது. மகள் பாடினாள்; தாய் பேசினாள்.

அடுத்து வந்த நாட்களிலே அவர் ஒட்டுத்தாளை வெயிலிலே சரித்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, எழுத்தெழுத்தாகத் தேடினார். ஐயமான எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது முறையாகுமோ என்று தாமே கேட்டுக்கொண்டு, “சொந்தக் காணியிலை எல்லைக்கல்லைத் தேடுறதுதானே” என்று தேறினார். முடிவிலே இலக்கம் பொருந்திற்று. ஆயினும் அதை உறுதிப்படுத்த உரிமையாளர் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று திரை கேட்டது. மறுமுனையில் ஆங்கிலம்.

தங்கைக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. “நீர்தான் அவள் எண்டு சொல்லிக் கதையும். ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே, அக்கா. நான் அவ இல்லை.”

“பிள்ளைக்குக் கதைக்க ஏலாது எண்டு தெரிஞ்சுகொண்டோ சொல்லுறீர்?”

“ஏலாதெண்டு அவ சொல்லேல்லையே.”

நானும் மன்றாடினேன். உதவிக்கு ஒரு சொல் மாற்றிச் சொல்வதால் என்ன குறைந்துவிடும் என்றேன். அவர் அசையவில்லை. கல்நெஞ்சு என்றே எனக்குப் பட்டது. ஆனால் அவர் எங்களை விட்டுப் போய்விடவும் இல்லை. கடை பூட்டியதும் மாலைதோறும் வந்து, “இண்டைக்கோ?” என்று கேட்பார். மருமகள் தலையசைத்து மறுப்பாள். “சரி,” என்று சிறிது நேரம் இருந்து, அவள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போவார். தந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. தங்கை அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கடைசி நாளும் வந்தது. அவர் வாயெடுத்துக் கேட்குமுன் மருமகள் தானே தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியிலே ஒரு பெண்குரல் பெயரைக் கேட்டது. மருமகளின் உதடு முதலெழுத்திலே நின்றது. தங்கை முன்னே சாய்ந்தாள். அவர் தங்கையின் மணிக்கட்டின்மீது கையை வைத்தார். பதிகம் பாடினோர் நிறைவுப் பாட்டிலே தம் பெயரைத் தாமே சொல்லி வைப்பது மரபு. இன்னொருவர் அதைச் சொல்லிவைக்க இயலாது. என் மருமகள் தன் பெயரை மும்முறை முயன்று சொன்னாள்.

அடுத்து, திரையிலுள்ள நீண்ட எண்வரிசையை வாசிக்கச் சொன்னது குரல். இரண்டு இலக்கங்களிலே தடுமாறினாள். பின்பு கண்ணை மூடித் திறந்து, அவற்றைப் பண்ணிலே ஏற்றினாள். ஆங்கில எண்கள், எங்கள் கோயில் மண்டபத்திலே ஒலிக்கும் மெட்டிலே, தடையின்றி ஓடின. பின்பு, “தொடருங்கள், அம்மா” என்று அந்தக் குரல் மென்மையாகச் சொன்னது. முழு வரிசையும் முடிந்தது.

இனி ஒரே கேள்வி. இந்த உரிமை எத்தனை கணினிகளிலே இருக்கிறது?

இதைப் பாடிச் சொல்ல முடியாது. தங்கையின் வாய் ஓசையின்றி அசைந்தது. அவர் மருமகளைப் பார்க்கவும் இல்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்று,” என்றாள் மருமகள் ஆங்கிலத்திலே. பின் கேளாமலே, “இது ஒன்றில் மட்டும்,” என்று முழு வாக்கியமாகவும் சொன்னாள். தடங்கி, நின்று, முழுவதையும் சொன்னாள்.

மறுமுனை விடை எண்களைத் தந்தது; அவளே தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது.

அந்த வாரத்து வகுப்புக்குத் தங்கை வழக்கம்போல் பக்கத்திலே வந்து அமர்ந்தாள். மகள், “அம்மா, நீங்கள் கு... குசினியிலை இருங்கோ. தேவையெண்டால் கூப்பிடுறன்,” என்றாள். நான் விறாந்தையிலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவள் பொருள் சொல்ல முயன்றாள். ஒரு சொல்லிலே நெடுநேரம் நின்றுவிட்டது. குசினியிலே தேங்காய் துருவும் ஓசையும் நின்றது. அப்போது கடலுக்கு அப்பாலிருந்து ஒரு சிறுபிள்ளையின் குரல், மழலைத் தமிழிலே, “ரீச்சர், ஆறுதலாச் சொல்லுங்கோ. நாங்கள் இருக்கிறம்,” என்றது. அவள் அவசரமின்றி, ஆறுதலாகச் சொன்னாள். அந்த வகுப்பு இன்றளவும் அவளுடையது.

சில காலத்தின்பின் அவர் தம் சகோதரியோடு வாழ வவுனியாவுக்குப் போய்விட்டார். போகுமுன் ஒருநாள் அவரைக் கண்டு, “உம்மாலைதான் என்ரை மருமகள் வாய் திறந்தவள். தங்கச்சியும் இப்ப அதைத்தான் சொல்லுறாள்,” என்றேன். புகழுரையாகத்தான் சொன்னேன். அவர் மின்கம்பி ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ, ஐயா,” என்றார். “கதைச்சது அவ. நான் போட்டது சிஸ்ரம் மட்டும்.”